அறுபதாம் கோடு

டர்க்கி ஃபோர்க் ஓடை நெடுகத் தபால் கொடுத்தவள் நான். யார் வீட்டுக்கு என்ன கடிதம் வரும், யார் வீட்டுக்கு வரவே வராது என்பது எனக்கு அத்துப்படி. லெம்யூல் ஸ்டைடம் வீட்டுக்கு வராது. விதைக் கம்பெனிக்காரன் ஜனவரியில் ஒரு பட்டியல் அனுப்புவான். மற்றபடி மாதம் ஒரு மின்சாரச் சீட்டு, அவ்வளவுதான். ஆனாலும் அந்த மனுஷர் தினமும் பதினொன்றரை மணிக்குத் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். மழை பெய்தால் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நிற்பார். அப்படி நிற்கிற ஆளைத் தாண்டி வண்டியை ஓட்டிக்கொண்டு போக யாருக்கு மனசு வரும்? ஜீப்பை நிறுத்துவேன். இஞ்சினை அணைக்க மாட்டேன், அணைத்தால் மறுபடி கிளம்ப அதற்கு அரை மணி வேண்டும். அந்த இரைச்சலுக்கு மேலே கத்தி நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவேன்.

"இன்னைக்கு ஒண்ணும் இல்ல லெம்."

"இருந்தாத்தான் அதிசயம். மேல மலைல பனி விழுந்திருச்சா?"

"விழுந்திருந்தா நான் ஏன் இங்க நிக்கிறேன்? வீட்ல போர்வைக்குள்ள இருப்பேன்."

"நீ எங்க இருப்ப. உன்னத் தெரியாதா எனக்கு, ஒனீடா."

இதுதான் அவருக்கு அன்றைக்கு முழுக்கப் பேச்சு. நான் போன பிறகு மறுநாள் பதினொன்றரை வரை அந்த வீட்டில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

அவர் பிறந்ததும் அதே வீட்டில்தான். பதினாலு வயசில் மரமறுக்கும் ஆலையில் சேர்ந்து முப்பத்தெட்டு வருஷம் பெரிய ரம்பத்தின் பக்கத்திலேயே நின்றார். இடது கையில் இரண்டு விரலை ரம்பம் எடுத்துக்கொண்டது. மூன்றாவதையும் எடுப்பதற்குள் ஆலையை மூடிவிட்டார்கள் என்று சொல்லிச் சிரிப்பார். பிள்ளை குட்டி இல்லை. மனைவி ஸெல்லா மூச்சுக்கோளாறில் படுத்து எண்பத்தொன்றாம் வருஷம் மார்ச் மாதம் போய்ச் சேர்ந்தாள். அவள் இருந்தவரை லெம் பேச வேண்டிய அவசியமே இருந்ததில்லை, இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

லெம்மைப் பற்றி ஊருக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். அவர் சுடுவார். குழல் வாய்வழியாக வெடிமருந்தைக் கொட்டி, எண்ணெய்த் துணியில் ஈயக் குண்டைச் சுற்றிக் கெட்டித்துச் சுடுகிற நீளத் துப்பாக்கி. எங்கள் பக்கத்தில் பாதிப்பேர் வீட்டுச் சுவரில் அது மாட்டியிருக்கும், ஆனால் மாட்டியிருப்பது வேறு, சுடுவது வேறு.

நவம்பர் முதல் சனிக்கிழமை ஹார்கிஸ் டர்னரின் மேய்ச்சல் நிலத்தில் காளைப் போட்டி நடக்கும். ஒரு காளையை அறுத்து ஐந்து பங்கு போட்டு வைத்திருப்பார்கள். பின்தொடை இரண்டு, முன்சப்பை இரண்டு, தோலும் கொழுப்பும் ஒன்று. சுடுகிறவன் தரையில் படுத்து, துப்பாக்கியை ஒரு மரக்கட்டைமேல் சாய்த்து, அறுபது கஜத்துக்கு அப்பால் கரியாக்கிய பலகையில் ஒட்டியிருக்கும் வெள்ளைக் காகிதத்தைப் பார்த்து ஐந்து குண்டு சுட வேண்டும். ஹார்கிஸ் ஒரு நூலை எடுத்து ஒவ்வொரு ஓட்டைக்கும் நடுப்புள்ளிக்கும் உள்ள தூரத்தை ஒன்றன்பின் ஒன்றாக அளந்துகொண்டே வருவார். ஐந்துக்கும் சேர்த்து எவன் நூல் குட்டையோ அவனுக்கு முதல் பின்தொடை.

அந்தப் பின்தொடையை ஜெயித்தவன் அதை வீட்டில் ஒளித்து வைத்துத் தின்ன முடியாது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் போட்டிக்கு வந்த அத்தனை பேரும் அவன் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். கூப்பிட வேண்டியதில்லை, வந்து நிற்பார்கள். யார் ஆரம்பித்த வழக்கம் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். பலபேருக்கு இது தொல்லை. ஜெயித்துவிட்டு மனைவியின் முகத்தைப் பார்த்துப் பேயறைந்த மாதிரி நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

லெம் அந்தச் சாப்பாட்டுக்காகத்தான் சுட்டார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவர் சொல்லாவிட்டால் என்ன, எனக்குக் கண்ணில்லையா? ஒன்பது வருஷம் ஜெயித்தார். ஒவ்வொரு அக்டோபரிலும் தபால் பெட்டியிலிருந்து பார்த்தால் தெரியும், வாசல் பலகையில் பன்னிரண்டு தட்டும் கழுவிக் காயவைத்திருக்கும். இரண்டு பேர் இருந்த வீட்டில், பிறகு ஒரே ஒருத்தர் இருந்த வீட்டில், பன்னிரண்டு தட்டு எதற்கு? வருஷத்தில் ஒரே ஒரு நாள் அந்த வீடு நிறைய ஆள் இருக்கும். அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு மற்ற நாட்களை அவர் ஓட்டினார்.

ஸெல்லா இறந்த வருஷம் அவர் தோற்றார். துக்கம், கை நடுங்கியிருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். மறு வருஷமும் தோற்றார். இரண்டு தடவையும் வென்ஸில் நேப்பியர் ஜெயித்தான். நாற்பது வயசு, தடித்த கழுத்து, வாயை மூடத் தெரியாது, ஆனால் கெட்டவன் இல்லை. "லெம் மாமா, உங்க துப்பாக்கிய கொடியில காயப்போட்டு வைங்க" என்று அவன் கேலி செய்தபோது லெம் சிரித்தார். சிரிப்பு சரியாக வரவில்லை. இரண்டு நவம்பர் அந்தத் தட்டுகள் கழுவியது கழுவியபடி அலமாரிக்குத் திரும்பிப் போயின.

மூன்றாவது வருஷமும் போனால் அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றியது. எழுபது வயசாகிறது. மூன்று தடவை தோற்றவன் நாலாவது தடவை வரமாட்டான், எங்கள் ஊர் ஆண்களின் வீம்பு அப்படி. வராவிட்டால் பிறகு வருஷம் முழுக்க நான் கத்துகிற நாலு வார்த்தைதான் அவருக்கு.

எண்பத்துமூன்று செப்டம்பரில் ஒரு நாள் அவர் தபால் பெட்டிப் பக்கம் இல்லை. வீட்டுக்குப் பின்னாலிருந்து வெடிச்சத்தம் கேட்டது. என்ன வெடி அது. நான் அந்த ஓடையில் பிறந்தவள், துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயந்தவள் இல்லை. ஆனாலும் ஜீப்பின் கண்ணாடி அதிர்ந்தது. படீர் என்று காதைக் கிழித்துக்கொண்டு போய் எதிர் மலையில் மோதித் திரும்பி வந்தது. முதல் தடவையாக இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிப் போனேன்.

லெம் பலகைமேல் சாய்ந்து குழலைத் துடைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு வெறுப்பு.

"கேட்டியா?" என்றார். "செத்த சத்தம். தொம்முனு, ஈர மூட்டையப் போட்ட மாதிரி. கடைக்காரன் மருந்துல என்னத்தைக் கலந்து தொலைக்கிறானோ. தொண்ணூறு கோடு போட்டும் சீற மாட்டேங்குது."



மருந்து அளவை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று எங்கள் ஊரில் யாரும் புத்தகம் பார்த்துக் கற்றதில்லை, காதால் கற்றதுதான். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு பசி இருக்கிறது. குறைவாகப் போட்டால் தொம் என்று வெடிக்கும், குண்டு சோம்பேறித்தனமாகப் போய்த் தாழ விழும். பித்தளை அளவுக்குழாயின் உள்ளே இருக்கிற தண்டை ஐந்தைந்து கோடாக ஏற்றிப் பார்க்க வேண்டும். ஏதோ ஒரு கோட்டில் சத்தம் மாறும். தொம் போய், சாட்டையைச் சொடுக்கினாற்போல் படீர் என்று ஒரு சீற்றம் வரும். அங்கே நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேலே போட்டால் எரியாத மருந்து வாய்வழியாக வெளியே கொட்டும், துணி கருகிக் கிழியும், குண்டு தன் இஷ்டத்துக்குப் போகும். லெம்மின் துப்பாக்கிக்கு அறுபதாம் கோடு. அது ஸெல்லா சொல்லி எனக்குத் தெரியும்.

அவர் தொண்ணூறில் நின்றுகொண்டு சீற்றத்தைத் தேடிக்கொண்டிருந்தார். காதுக்குள் அந்த மெல்லிய கூர்மையான சத்தம் நுழையும் வழி அடைத்துப்போய்விட்டது, அடியில் இருக்கும் தொம் மட்டும்தான் அவருக்குக் கேட்கிறது. முப்பத்தெட்டு வருஷம் ரம்பத்துக்குப் பக்கத்தில் நின்ற காது வேறு எப்படி இருக்கும்? அதே நேரத்தில் வீட்டுக்குள் அடுப்பில் கெட்டில் விசிலடித்துக்கொண்டிருந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் போய் இறக்கி வைத்தபோது அதில் அரை டம்ளர் தண்ணீர்கூட இல்லை.

எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. தினமும் பார்க்கிற ஆள், எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? யோசித்தபோதுதான் புரிந்தது. நான் அந்த ஜீப் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பேசுவேன். ஊரில் மற்றவர்கள் பேசுவது அவருக்கு முணுமுணுப்பாகக் கேட்டிருக்கும், என் குரல் மட்டும் மணிமணியாகக் கேட்டிருக்கும். ஆகவே தன் காதில் குறை என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அதற்கு ஆறு வருஷம் முன்னால் போட்டியில் ஆம்ப்ரோஸ் ஃபியூகேட் என்ற கிழவர் சுட வந்திருந்தார். காது கேட்காது. ஹார்கிஸ் "நிறுத்து" என்று சொன்ன பிறகும் ஒரு குண்டைச் சுட்டுவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் லெம் எழுந்து, "காது செத்தவன் கையில துப்பாக்கி எதுக்குப்பா? வீட்ல உக்கார வைங்க, நாயாவது பயமில்லாம நடமாடட்டும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆம்ப்ரோஸுக்கு எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் அவரும் சிரித்தார், பிறகு யாரோ அவர் காதோரம் கத்திச் சொன்னார்கள். அடுத்த வருஷம் அவர் வரவில்லை. அவரைப் போய்க் கூப்பிடவும் ஆள் இல்லை. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். லெம்மிடம் போய் உங்கள் காது செத்துவிட்டது என்று சொன்னால், அவருக்கு அவரே எழுதி வைத்த தீர்ப்பை நான் படித்துக் காட்டின மாதிரி ஆகும். அன்றைக்கே துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவிடுவார்.

அதனால் பொய் சொன்னேன்.

"நீங்க சொல்றது சரிதான் லெம்" என்றேன். "இப்ப வர்ற மருந்துக்குச் சத்தம் கிடையாது. எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. சத்தத்த நம்பாதீங்க."

"சத்தத்த நம்பாம வேற எத நம்புறது?"

"கண்ண நம்புங்க. பழைய படுக்கை விரிப்பு ஒண்ணு குடுங்க."

விரிப்பைத் துப்பாக்கி வாய்க்கு முன்னால் தரையில் பரப்பிப் போட்டோம். தொண்ணூறில் ஒரு குண்டு சுடச் சொன்னேன். என் காதைப் பொத்திக்கொண்டேன், மனுஷர் அதைக் கவனிக்கவில்லை. வெள்ளை விரிப்பில் மிளகைத் தூவின மாதிரி எரியாத மருந்து கிடந்தது. புல்லில் விழுந்த எண்ணெய்த் துணியை எடுத்துக் காட்டினேன், ஓட்டை ஓட்டையாகக் கருகியிருந்தது.

"பாதிய எரிக்காம வெளிய துப்புது பாருங்க" என்றேன். "வயித்துக்குக் கொள்ளாத சோத்த வாயில திணிச்சா?"

அவர் குனிந்து ஒரு துகளை விரலில் ஒட்டி எடுத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தண்டை ஐந்து கோடு இறக்கினார்.

அன்றைக்குத் தபால் எல்லாருக்கும் இரண்டு மணி நேரம் தாமதம். ஜீப் கிளம்பாதது ஒரு காரணம், எண்பத்தைந்து, எண்பது, எழுபத்தைந்து என்று நாங்கள் இறங்கி வந்தது மற்றொன்று. ஒவ்வொரு கோட்டுக்கும் மூன்று குண்டு, ஒவ்வொரு தடவையும் விரிப்பை உதறிப் போட்டேன். கறுப்புக் குறைந்துகொண்டே வந்தது. பலகையில் ஓட்டைகள் நெருங்கி வந்தன. அறுபதாம் கோட்டில் விரிப்பு சுத்தமாக இருந்தது, மூன்று ஓட்டையையும் என் உள்ளங்கையால் மூடிவிட முடிந்தது. அந்த வெடி எனக்கு எப்படிக் கேட்டது தெரியுமா? அளவாக, அழகாக, படீர் என்று.

லெம் முகத்தைச் சுளித்தார். "இதுவும் செத்த சத்தம்தான். எல்லாத்தையும்விட மோசம்."

"சத்தம் செத்தா சாகட்டும். குண்டு எங்க போகுதுன்னு பாருங்க."

"மருந்து இப்படிக் கெட்டுப் போகும்னு நினைக்கல" என்றார். அவர் மருந்து செய்கிறவர்களைத் திட்டியதெல்லாம் நான் வாங்கிக்கொண்டேன். பொய் சொன்னவள் கேட்டுத்தானே ஆக வேண்டும்.

நவம்பர் வந்தது. அக்டோபர் முழுக்க வாசல் பலகையில் தட்டுகள் இருந்தன. போட்டியன்று காலையில் நான் அவர் பக்கத்திலேயே நின்றேன். ஹார்கிஸ் சொன்னதையெல்லாம் என் வழக்கமான குரலில் திருப்பிச் சொன்னேன். "ஒனீடா, உனக்குச் சம்பளம் குடுத்து வச்சிருக்காரா?" என்று வென்ஸில் கேட்டான். வாயை மூடிக்கொண்டு உன் வேலையைப் பார் என்றேன்.

லெம் படுத்தார். அறுபது கோடு, ஐந்து குண்டு. எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டபோது பலகையைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார். ஹார்கிஸ் நூலைப் பிடித்தார். வென்ஸிலின் நூலையும் லெம்மின் நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது லெம்முடையது ஒரு நகத்தளவு குட்டை. ஹார்கிஸ் பெயரைச் சொன்னார், லெம் அசையவில்லை. கூட்டம் கைதட்டியதும் சுற்றிப் பார்த்தார். நான் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "உங்களுக்குத்தான்" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார், மறுபடி கழற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை என்னோடு சேர்த்துப் பதினொரு பேர் வந்தார்கள். அவரோடு சேர்த்துப் பன்னிரண்டு. சர்ச்சிலிருந்து நாற்காலி இரவல் வாங்கி வைத்திருந்தார். விடிவதற்கு முன்னாலிருந்து கறியை அடுப்பில் வேகவிட்டிருந்தார், உருளைக்கிழங்கும் வெங்காயமும் போட்டு. நான் சோள ரொட்டி செய்து கொண்டுபோனேன். வென்ஸில் மனைவி ஆப்பிள் அடுக்கு கேக் கொண்டுவந்தாள். அந்தச் சின்ன அறையில் பன்னிரண்டு பேர், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் மூன்றாவது ஆள் அதற்கு மேலே பேசுவான். சந்தைக்கடை தோற்றது.

லெம் மேசையின் முனையில் உட்கார்ந்திருந்தார். வெளுத்த சட்டை, தண்ணீர் தொட்டு வாரிய தலை. ஆரம்பத்தில் அவர் முகம் எப்படி இருந்தது என்றால், அதைப் பார்க்கத்தான் நான் பொய் சொன்னேன் என்று எனக்கே ஒரு திருப்தி. ஒருத்தர் முகத்திலிருந்து இன்னொருத்தர் முகத்துக்குப் பார்வையை ஓட்டிக்கொண்டே இருந்தார். எல்லாரும் சிரித்தால் அவரும் சிரித்தார், ஆனால் எல்லாரும் சிரித்து முடித்த பிறகு. ரொட்டித் தட்டை நீட்டிக் கேட்டவனுக்குத் தலையாட்டிவிட்டுத் தட்டை வாங்கிக் கீழே வைத்தார்.

வென்ஸில் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டான்: "சரி லெம் மாமா, கறிதான் போச்சு, ரகசியத்தையாவது சொல்லுங்க. எத்தன கோடு போட்டீங்க?"

லெம் அவனைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார்.

"எழுபதா?"

மறுபடி தலையாட்டல்.

"அறுபதா, எழுபதா, எதுக்குத்தான் தலையாட்டுறீங்க? கள்ளன்யா இவரு. செத்தாலும் சொல்ல மாட்டாரு." மேசையே சிரித்தது. லெம்மும் சிரித்தார், கடைசியாக.

கொஞ்சம் கொஞ்சமாக அவர் பார்வை மேசையைவிட்டுத் தட்டுக்கு இறங்கிவிட்டது. இந்தச் சாப்பாட்டை அவருக்கு வாங்கிக் கொடுத்தேன், அதில் உட்கார வைத்தேன். ஆனால் உட்கார்ந்திருந்தவர் தபால் பெட்டிப் பக்கம் நிற்பதைவிடத் தனியாக இருந்தார்.

நாலு மணிக்கெல்லாம் எல்லாரும் கிளம்பினார்கள். கையைக் குலுக்கினார்கள், தோளைத் தட்டினார்கள். தட்டுக் கழுவ நான் மட்டும் இருந்தேன். அவர் நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் அடுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஒனீடா, வென்ஸில் எனக்கு விட்டுக்குடுத்தானா?"

"யாரு, அவனா? அவன் பாதிரியாருக்கே விட்டுக்குடுக்க மாட்டான்."

"அப்ப எல்லாரும் ஏன் குசுகுசுன்னு பேசினாங்க?"

நான் திரும்பினேன்.

"வந்ததுலேர்ந்து போற வரைக்கும்" என்றார். "சாவு வீட்ல பேசுற மாதிரி. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சாங்களா? கிழவன் தனியாக் கிடக்கான், பாவம், ஒரு வாய் தின்னுட்டுப் போவோம்னு வந்திருக்காங்க. என் மேசையில உக்காந்து என்னப் பத்தியே முணுமுணுத்துட்டுப் போயிருக்காங்க. வேணாம் ஒனீடா. அடுத்த வருஷம் நான் சுடல. யாரும் என் வீட்டுக்கு வந்து கஷ்டப்பட வேணாம்."

அந்த அறையின் இரைச்சலில் எனக்கு இன்னும் தலை வலித்துக்கொண்டிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவருக்கு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"லெம், யாரும் குசுகுசுக்கல. தொண்ட கிழியக் கத்தினாங்க. உங்களுக்குக் கேக்கல."

அவர் என்னைப் பார்த்தார். "நீ பேசுறது கேக்குதே."

"நான் கத்துறேன். அந்த ஜீப் வந்ததுலேர்ந்து நான் கத்திக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அப்ப மருந்து?"

"மருந்து நல்லாத்தான் இருக்கு. நான் பொய் சொன்னேன். செப்டம்பர்ல நீங்க தொண்ணூறு போட்டுச் சுட்டப்ப என் வண்டிக் கண்ணாடியே அதிர்ந்துச்சு. சொன்னா நீங்க போட்டிக்கு வர மாட்டீங்கன்னுதான் மறைச்சேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எழுந்து போய்ச் சுவரில் மாட்டியிருந்த பையிலிருந்து பித்தளை அளவுக்குழாயை எடுத்துக்கொண்டு வந்தார். மறுபடி உட்கார்ந்து, தண்டை வெளியே இழுத்து, கோடுகளின்மேல் கட்டைவிரலை வைத்து ஒவ்வொன்றாக நகர்த்தினார்.

"தொண்ணூறு, இந்த வருஷம்" என்றார். "போன வருஷம் எண்பத்தஞ்சு. அதுக்கு முந்தி எண்பது, அந்த வருஷந்தான் முதல்ல தோத்தேன்." விரல் இன்னும் இறங்கியது. "எழுபது."

அங்கே நிறுத்திவிட்டார்.

"எழுபது போட்டது எண்பதாம் வருஷம், இல உதிர்ற காலத்துல. மயிரிழைல ஜெயிச்சேன். மருந்துல சத்துப் போயிடுச்சுன்னு வீட்டுக்கு வந்து ஸெல்லாட்ட சொன்னேன். அவ என்னமோ சொன்னா."

அறுபதுக்கு மேலே பத்து, அப்போதே. ஸெல்லா போனது அதற்கடுத்த மார்ச்.

"கடைசி மூணு நாள் அவ உதட்ட அசைச்சிக்கிட்டே இருந்தா" என்றார். "சத்தம் வரல. மூச்சு இல்ல, அதான் பேச்சு வரலன்னு நினைச்சேன். கையப் புடிச்சிக்கிட்டு, சிரமப்படாத, சும்மா படு, சும்மா படுன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். மூணு நாளும் அதத்தான் சொன்னேன்." குழாயை மேசைமேல் வைத்தார். "அவ பேசிக்கிட்டு இருந்தாளா, ஒனீடா?"

"நான் அப்ப இங்க இல்லையே, லெம்" என்றேன். குரல் எழும்பவில்லை.

அவர் காதைக் கையால் குவித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். அதனால் நான் மறுபடியும் அதையே, கத்திச் சொன்னேன்.